1816-இல் கோடை எங்கே போனது? ஒரே கேள்வியும் பல தரவுத்தளங்களும்

உலக வரலாற்றை இணையத்தில் ஆராய எந்தத் தரவுத்தளம் நல்லது என்று யாராவது கேட்டால், உங்கள் கேள்வி என்ன என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். கேள்வி இல்லாமல் தளங்களை ஒப்பிடத் தொடங்கினால் அது எண்ணிக்கைப் போட்டியாகவே முடியும்: ஒரு தளத்தில் இத்தனை லட்சம் நூல்கள், இன்னொன்றில் இத்தனை கோடிப் பக்கங்கள். அந்தக் கணக்கால் தேடுபவருக்குப் பெரிய பயன் இல்லை. ஒரு தளத்தில் என்ன இல்லை, இல்லாததை அது எப்படிக் காட்டுகிறது என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு தளம் தளமாகப் போய்ப் பார்க்கலாம். கேள்வி இது: 1816-ஆம் ஆண்டில் கோடைக்காலம் ஏன் வரவில்லை?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1815 ஏப்ரல் 10 அன்று, இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த சும்பாவா தீவில் தம்போரா எரிமலை உச்ச வேகத்தில் வெடித்தது. எரிமலை வெடிப்புகளை 0 முதல் 8 வரை தரம் பிரிக்கும் அளவுகோலில் அதற்கு 7. மேல் வளிமண்டலத்தில் பரவிய கந்தகத் துகள்கள் அடுத்த ஆண்டு வெயிலை மட்டுப்படுத்தின. 1816 ஜூனில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பனி பெய்தது. மேற்கு ஐரோப்பாவில் ஓயாத மழையில் பயிர் அழுகி, தானிய விலை ஏறியது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் பஞ்சம் வந்தது. அன்றைய மக்கள் இவற்றையெல்லாம் ஒரு மலையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அந்தத் தொடர்பை அமெரிக்க இயற்பியலாளர் வில்லியம் ஹம்ஃப்ரிஸ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எடுத்துச் சொன்னார். காரணம் ஓரிடத்தில், விளைவு வேறிடங்களில், விளக்கம் நூறாண்டு கழித்து. தரவுத்தளங்களைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான கேள்வி கிடைப்பது அரிது.

முதல் நிறுத்தம் கலைக்களஞ்சியங்கள். இவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவில் கட்டுரையைவிட அடிக்குறிப்புகள் பயனுள்ளவை. பிரிட்டானிக்கா ஆசிரியர் குழுவின் மேற்பார்வையில் வருவதால் நிதானமானது, ஆனால் சுருக்கமானது. 2009-இல் பண்டைய வரலாற்றுக்கென்று தொடங்கி, 2021-இல் பெயர் மாற்றிக்கொண்ட வேர்ல்டு ஹிஸ்டரி என்சைக்ளோபீடியா, வெளியிடும் முன் கட்டுரைகளைச் சரிபார்க்கிறது. அதன் பலம் இன்னமும் பழங்காலத்தில்தான். இந்த மூன்றிலும் எடுத்துக்கொள்ள வேண்டியவை பெயர்கள், தேதிகள், முரண்பாடுகள். தம்போராவால் இறந்தவர்கள் 92,000 பேர் என்று ஓரிடத்திலும், 71,000 என்று வேறோரிடத்திலும் படிப்பீர்கள். எது சரி என்று அங்கேயே முடிவு கட்டாதீர்கள். எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதே அடுத்த கட்டத்துக்கான நல்ல கேள்வி.

அடுத்த கட்டம் ஆய்விதழ்கள். இங்கே ஜேஸ்டோரைத் தவிர்க்க முடியாது. நூலகங்களில் பழைய இதழ்களை அடுக்கி வைக்க இடம் போதாமல் போனதற்குத் தீர்வாக, 1990-களின் நடுவில் அமெரிக்காவின் மெலன் அறக்கட்டளை தொடங்கிய திட்டம் இது. பிறவியிலேயே அது பழைய இதழ்களின் கிடங்கு என்பதை மறக்கக் கூடாது. பல இதழ்களுக்கு 'நகரும் சுவர்' என்று ஓர் ஏற்பாடு உண்டு: கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வந்தவை அதில் இருக்காது. ஆகவே ஒரு துறையில் இப்போது நடக்கும் விவாதத்தை ஜேஸ்டோரை மட்டும் வைத்து மதிப்பிடுவது தவறு. பல்கலைக்கழக நூலகம் வழியாக வருபவர்களுக்குப் பல கதவுகள் திறந்திருக்கும். மற்றவர்களும் கட்டணமில்லாத கணக்கு ஒன்றைத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே படிக்கலாம். பலருக்கு இது தெரியாது. கட்டுரைக்குக் கட்டுரை பணம் கட்டச் சொல்லும் பொத்தானைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள்.

1816 பற்றி அங்கே தேடினால் மூன்று வகை ஆட்கள் கலந்து வருவார்கள். பொருளாதார வரலாற்றாய்வாளர்கள் தானிய விலையையும் புலம்பெயர்வையும் பற்றி எழுதியிருப்பார்கள். இலக்கிய ஆய்வாளர்கள் அந்தக் கோடையை ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் கழித்த ஆங்கிலக் கவிஞர்களைப் பற்றி எழுதியிருப்பார்கள். மூன்றாமவர்கள் காலநிலை ஆய்வாளர்கள். இவர்கள் எழுதியவற்றில் ஒரு பகுதிதான் இங்கே கிடைக்கும், மீதி அறிவியல் இதழ்களில் இருக்கிறது. அதற்கு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலருக்குத்தான் போக வேண்டும். தேடும்போதே துறை வாரியாகப் பிரித்துத் தேடாவிட்டால் கவிஞர்களுக்கு நடுவே கோதுமை காணாமல் போய்விடும். ப்ராஜெக்ட் மியூஸும் இதே வகைதான். அதில் வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளின் புதிய இதழ்களும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் நூலக உறுப்பினர்களுக்கு மட்டும்.

இனி மூல நூல்கள். தம்போரா வெடித்தபோது ஜாவா ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் அங்கே துணைநிலை ஆளுநர். வெடிச்சத்தத்தைப் பீரங்கி என்று நினைத்துப் படைகளை அனுப்பிய கதை, 1817-இல் அவர் வெளியிட்ட ஜாவா வரலாற்று நூலில் இருக்கிறது. அந்த நூல் இணைய நூலகங்களான இன்டர்நெட் ஆர்கைவிலும் உண்டு, ஹாத்திட்ரஸ்டிலும் உண்டு. ஆனால் 'தம்போரா' என்று தேடினால் அந்தப் பகுதி அகப்படாது, ஏனென்றால் ராஃபிள்ஸ் எழுதியது 'டோம்போரோ' என்று. பழைய நூல்களில் தேடுபவர்கள் ஒவ்வோர் இடப்பெயருக்கும் அன்றைய எழுத்துமுறைகளைப் பட்டியலிட்டுக்கொண்டு தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்த இரண்டில் எது? நூல் முழுவதையும் இறக்கிக்கொண்டு நிதானமாகப் படிக்க வேண்டுமானால் இன்டர்நெட் ஆர்கைவ். 1996-இல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய இதில் யார் வேண்டுமானாலும் நூல் ஏற்றலாம். அதனால் வளம் அதிகம், ஒழுங்கு குறைவு. ஒரே நூல் ஐந்தாறு முறை இருக்கும். இரண்டாம் தொகுதி முதல் தொகுதி என்று பெயரிடப்பட்டிருக்கும். காப்புரிமை உள்ள நூல்களை இரவல் தரும் சேவைக்கு எதிராகப் பதிப்பகங்கள் 2020-இல் தொடுத்த வழக்கில் ஆர்கைவ் தோற்றது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு மாறவில்லை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து நீங்கின. அடுத்த மாதமே இணையத் தாக்குதலால் தளம் பல நாள் முடங்கியது. ஆகவே முக்கியமான பக்கத்தைக் கண்டால் உடனே சேமித்து வையுங்கள்.

பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து 2008-இல் அமைத்த ஹாத்திட்ரஸ்ட் இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. விவரக்குறிப்புகளை நூலகர்கள் தயாரித்திருப்பதால் பதிப்பும் தொகுதியும் ஆண்டும் நம்பத்தக்கவை. காப்புரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அமெரிக்காவிலிருந்து பார்ப்பவருக்குத் திறக்கும் சில நூல்கள் மற்றவர்களுக்கு மூடியே இருக்கும், இது எரிச்சலூட்டும். ஆனால் மூடிய நூலுக்குள்ளும் தேட முடியும் என்பதுதான் இதன் உண்மையான பலம். வாசகம் தெரியாது, ஆனால் எந்தெந்தப் பக்கத்தில் அந்தச் சொல் வருகிறது என்று காட்டும். ஒரு நூலை நூலகத்திலிருந்து தருவிப்பது பயனுள்ளதா என்பதை அந்தப் பக்க எண்களே சொல்லிவிடும். நூலைப் படிக்க ஆர்கைவ், நூலைக் கண்டுபிடிக்க ஹாத்திட்ரஸ்ட் என்பது என் கட்சி.

செய்தித்தாள்களில்தான் மயக்கம் அதிகம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கிரானிக்கிளிங் அமெரிக்கா, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ், நெதர்லாந்தின் டெல்ஃபர், ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் அன்னோ, பிரான்ஸின் காலிகா ஆகிய அனைத்தும் இலவசம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவுக்கு மட்டும் சந்தா உண்டு. தேடுவதற்குப் பணம் இல்லை, பக்கத்தைத் திறக்கத்தான் பணம். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், தேடல் பெட்டியும் முடிவுகளின் எண்ணிக்கையுமாக. அந்த எண்ணிக்கையை நம்பக் கூடாது.

ஏன் என்பதற்கு 1816 நல்ல சான்று. அந்த ஆண்டின் அமெரிக்கச் செய்தித்தாள்களில் குளிரையும் எரிமலையையும் சேர்த்துத் தேடினால் கையில் ஒன்றும் சிக்காது. அந்தத் தொடர்பு அன்றைய மனிதர்களின் மனத்திலேயே இல்லை. சூரியனில் தெரிந்த கரும்புள்ளிகள்தான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். உறைபனி, ஜூன், சோளம், கரும்புள்ளி என்று அவர்கள் சொற்களில் தேடினால் செய்திகள் வரத் தொடங்கும். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அதை அநேகமாக யாரும் முதலாவது என்று எண்ணவில்லை என்பதும் இதே கதைதான். தேடல் பெட்டி நம் காலத்து அறிவை அந்தக் காலத்தின் மேல் போர்த்தத் தூண்டுகிறது.

அடுத்தது எழுத்துணரி மென்பொருளின் பிழை. கணினி படித்த வாசகத்தைத்தான் தளம் தேடுகிறது, அச்சான பக்கத்தை அல்ல. ஜெர்மன் மொழித் தாள்களின் ஃப்ராக்டூர் எழுத்திலும், 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் 'எஃப்' போலத் தோன்றும் நீண்ட 'எஸ்' எழுத்திலும் கணினி தடுக்கி விழும். ட்ரோவில் வாசகர்களே பிழை திருத்தலாம். பல்லாண்டுகளாகத் திருத்தியும் வருகிறார்கள். மேற்சொன்னவற்றில் ட்ரோவை எனக்குப் பிடிக்க அதுவே காரணம். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான வழக்குகளைத் தரும் தளம் இன்னொரு வழியைத் தேர்ந்தது: 1834 வரையிலான வாசகத்தை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை நீக்கினார்கள். அங்கே ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால், அது அநேகமாக இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். மற்ற தளங்களில் அப்படிச் சொல்ல முடியாது.

தேதியிலும் ஒரு சிக்கல். 1816-இல் ரஷ்யா இன்னும் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அங்கே ஜூன் 1 என்றால் பாரிஸில் ஜூன் 13. ஐரோப்பா முழுவதும் மழை எப்போது தொடங்கியது என்று தளங்களின் தேதி வடிப்பானை வைத்துக் கணக்கிடுபவர் இதைக் கவனிக்காவிட்டால், பன்னிரண்டு நாள் பிசகும்.

இன்னொன்றும் உண்டு. எந்தத் தாள் இணையத்தில் ஏறியிருக்கிறதோ அதுவே வரலாறாகிவிடும் ஆபத்து. கனடா வரலாற்றாய்வாளர் இயன் மில்லிகன் 2013-இல் இதைக் காட்டினார்: டொராண்டோவின் இரு நாளேடுகள் இணையத்தில் தேடக் கிடைத்த பிறகு, கனடா பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகளில் அவற்றின் மேற்கோள்கள் பெருகின. இணையத்துக்கு வராத மற்ற ஊர்த் தாள்களுக்கு அந்த யோகம் அடிக்கவில்லை. ஆய்வேடுகள் எந்தத் தளத்தைப் பயன்படுத்தினோம் என்று சொல்வதும் அரிதாகவே இருந்தது.

எண்களைத் தரும் தளங்களுக்கு வருவோம். உலக வரலாறு என்றதும் பலர் முதலில் ஓடுவது இங்கேதான், ஏனெனில் ஒரே அட்டவணையில் எல்லா நாடும் கிடைக்கிறது. பொருளியலாளர் ஆங்கஸ் மேடிசனின் பணியைத் தொடர்ந்து, அவர் மறைந்த 2010-இல் தொடங்கிய மேடிசன் திட்டத்தை நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. நாடுகளின் தலா வருமானத்தை நூற்றாண்டுகளுக்குப் பின்னோக்கித் தருகிறது. 1816-இன் பஞ்சம் அதில் தெரியுமா? இங்கிலாந்து, நெதர்லாந்து போன்ற சில நாடுகளுக்கு ஆண்டு வாரியாக எண் உண்டு. மற்ற பெரும்பாலான நாடுகளுக்கு 1820 போன்ற குறியீட்டு ஆண்டுகள் மட்டுமே. வலையின் கண் அத்தனை பெரியது; 1816 என்ற மீன் அதன் வழியே நழுவிவிடும். இன்னும் பின்னோக்கிப் போனால் நிலைமை மோசம். கி.பி. 1000-க்கு மேடிசன் தந்த எண்களில் பல, உயிர் வாழத் தேவையான குறைந்தபட்சம் ஆண்டுக்கு 400 டாலர் என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. அளந்து எழுதியவை அல்ல. அட்டவணையில் அளந்ததும் அனுமானித்ததும் ஒரே எழுத்துருவில் இருப்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

2011-இல் தொடங்கிய செஷாட் என்ற வரலாற்றுத் தரவுத்தளம் இன்னும் லட்சியம் மிகுந்தது. பண்டைய அரசுகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்து இருந்ததா, நிலையான படை இருந்ததா, நீதி வழங்கும் கடவுள் நம்பிக்கை இருந்ததா என்று நூற்றுக்கணக்கான கேள்விகளுக்குக் குறியிடுகிறது. நூற்றாண்டுகளை அலகாகக் கொண்ட தளம் என்பதால் ஒரு கோடைக்காலத்தை அதில் தேடுவதே வீண். ஆனால் தரவுத்தளம் எதையும் நாடும் முன், செஷாட்டைச் சுற்றி நடந்த விவாதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பெரிய சமூகங்கள் முதலில் உருவாயின, தண்டிக்கும் கடவுளர் பிறகே வந்தனர் என்ற ஆய்வு இதன் தரவைக் கொண்டு 2019-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. தகவல் தெரியாத இடங்களையெல்லாம் 'இல்லை' என்று கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். எழுத்தே இல்லாத சமூகத்தின் கடவுளைப் பற்றி நமக்குத் தெரியாது என்பதற்கும், அவர்களுக்கு அப்படியொரு கடவுள் இல்லை என்பதற்கும் உள்ள தூரம் கொஞ்சமா? 2021-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திருத்திய பகுப்பாய்விலும் தங்கள் முடிவு நிற்கிறது என்பது ஆசிரியர்களின் வாதம். அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். வெற்றிடமும் பூச்சியமும் ஒரே கட்டத்தில் எழுதப்படும்போது என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

இதற்கு மாற்றாக ஸ்லேவ் வாயேஜஸ் தளத்தைச் சொல்வேன். அட்லாண்டிக் கடலைக் கடந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பற்பயணங்களில் 36,000-க்கும் மேற்பட்டவற்றை அது பதிந்திருக்கிறது. 1999-இல் குறுந்தகடாக வந்தபோது 27,233 பயணங்கள் இருந்தன. ஆவணத்தில் கண்ட எண்ணும், ஆய்வாளர்கள் கணித்த எண்ணும் அங்கே தனித்தனி. கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, கரை இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி என்ற புகழ்பெற்ற எண்கள் மதிப்பீட்டுப் பக்கத்தில் இருக்கின்றன, பயணப் பட்டியலில் அல்ல. ஒரு தரவுத்தளம் நேர்மையானதா என்று பார்க்க நான் முதலில் தேடுவது இந்தப் பிரிவினையைத்தான்.

தானிய விலைக்குப் பொருளியல் வரலாற்றாய்வாளர்கள் ராபர்ட் ஆலனும் ரிச்சர்டு அங்கரும் தொகுத்த விலைப் பட்டியல்கள் இருக்கின்றன. 1816, 1817 ஆண்டுகளின் ஏற்றத்தை ஊர் வாரியாகப் பார்க்க மேடிசனைவிட அதுவே ஏற்றது. அளவையும் நாணயமும் ஊருக்கு ஊர் மாறும், பொறுமை வேண்டும்.

பொதுத் தளங்களை ஓரங்கட்டிவிட்டுச் சிறப்புத் தளங்களுக்குப் போனால் நம் கேள்விக்கு உண்மையான விருந்து அங்கேதான். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பராமரிக்கும் எரிமலைத் தரவுத்தளத்தில் தம்போராவின் வெடிப்பு வரலாறு முழுவதும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான யூரோ-கிளிம்ஹிஸ்ட், பழைய நாட்குறிப்புகளிலிருந்து வானிலைக் குறிப்புகளைத் தொகுத்திருக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகமும் அதே போன்ற ஒன்றை நடத்துகிறது. அதன் பெயரே தம்போரா! யுன்னான் பஞ்சத்தை ஆங்கிலச் செய்தித்தாள்களில் தேடி அலைபவர்கள், சிங் வம்சக் காலச் சீன ஆவணங்களிலிருந்து காலநிலைக் குறிப்புகளைக் குறியீடாக்கிய ரீச்சஸ் தொகுப்பைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு வருத்தமும் உண்டு. வெடித்த மலையின் அடிவாரத்தில் வாழ்ந்து மடிந்த சும்பாவா மக்களின் குரல் இவை எவற்றிலும் ஏறக்குறைய இல்லை. அவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலேய, டச்சு அதிகாரிகள் எழுதியதுதான்.

ஆக, யாருக்கு எது? பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு கட்டுரை எழுத வேண்டியவருக்குக் கலைக்களஞ்சியத்தின் அடிக்குறிப்பு, ஜேஸ்டோர் இலவசக் கணக்கு, இன்டர்நெட் ஆர்கைவ் ஆகிய மூன்றும் போதும். நூல் எழுதும் நோக்கம் உள்ளவர் ஹாத்திட்ரஸ்டில் தொடங்கி, செய்தித்தாள்களுக்குப் போய், கடைசியில்தான் எண்களைத் தொட வேண்டும். எண்ணில் தொடங்கிச் சான்று தேடுபவர்கள் தாங்கள் தேடியதையே கண்டுபிடிப்பார்கள். நாடுகளை ஒப்பிடும் வரைபடம் ஒன்று மட்டும் வேண்டுவோருக்கு மேடிசன் சரி, 1820-க்குப் பிறகு.

பணம் கட்டுவதைக் கடைசி வரை தள்ளிப் போடுங்கள். சந்தாத் தளத்தில் முதலில் இலவசமாகத் தேடி, வேண்டிய பக்கங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதச் சந்தாவில் அத்தனையையும் படித்து முடிக்கலாம். ஆண்டுச் சந்தா எடுத்தவர்களில் பலர் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் சந்தேகம். படித்த பல்கலைக்கழகம் பழைய மாணவர்களுக்கு இணைய நூலக அனுமதி தருகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். விக்கிப்பீடியாவில் ஆறு மாதமும் 500 திருத்தங்களும் கடந்து தொடர்ந்து பங்களிப்பவர்களுக்கு, விக்கிப்பீடியா நூலகம் வழியாகக் கட்டணத் தளங்கள் பல திறக்கும். உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மேற்கோள் கேட்பவர்கள், அவை தரும் கட்டுரைத் தலைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று ஜேஸ்டோரிலோ கூகுள் ஸ்காலரிலோ சரிபார்த்த பிறகே எழுத வேண்டும். இல்லாத தலைப்பை இருப்பதாகச் சொல்வது அவற்றுக்கு வழக்கமாகிவிட்டது.

குறிப்பெடுக்கும்போது தளத்தின் பெயரோடு, பார்த்த தேதியையும் தேடிய சொற்களையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதி வையுங்கள். மேடிசன் திட்டம் மட்டும் 2013, 2018, 2020, 2023 என்று நான்கு பதிப்புகள் கண்டிருக்கிறது. முதலில் 1990-ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் இருந்த எண்கள் பின்னர் 2011-ஆம் ஆண்டு மதிப்புக்கு மாறின. இரண்டு பதிப்புகளின் எண்களை ஒரே வரைபடத்தில் கலந்தால், யாரும் பணக்காரராகாமலேயே ஒரு நாடு திடீரென்று வளர்ந்ததுபோலத் தெரியும்.